இருநூற்றைம்பது வரிகள்

அந்த வாரம் முழுக்க நான் மின்வெட்டு வர வேண்டும் என்று ஜெபித்தேன்.

எங்கள் போட்சபேலோ ஊரில் அப்படி ஜெபித்த ஆள் வேறு யாரும் இருந்திருக்க முடியாது. களி பாதி வெந்துகொண்டிருக்கும்போது மின்சாரம் போனால் என் மனைவி கனனேலோ போடுகிற சத்தத்தில் பக்கத்து வீட்டுக் கோழிகள் சிதறி ஓடும். நானோ அவள் பக்கத்தில் முழங்காலில் நின்று, வாயால் "உமது சித்தப்படியே" என்று சொல்லிக்கொண்டு, மனதுக்குள் ஒரு நாளைக்கு இரண்டு தடவையாவது விளக்கு அணையட்டும் என்று கேட்டுக்கொண்டிருந்தேன். காரணத்தைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் சொல்லிவிடுகிறேன்.

எனக்கு அலாரம் பொருத்துகிற வேலை. பக்கத்து நகரமான ப்ளும்ஃபோன்டெயினில் ஒரு காவல் நிறுவனத்தில் பதினான்கு வருடமாக இருக்கிறேன். எங்கள் சபையின் அலாரத்தையும் நான்தான் பொருத்தினேன். ஆலயத்துக்கு இரண்டு பகுதி, பின்னால் இருக்கும் சாமான் அறைக்குத் தனியாக ஒன்று; அது ஆராதனை நேரத்திலும் போட்டபடியே இருக்கும். அந்த மூன்றாம் பகுதியில்தான் அடக்கச் சங்கத்தின் சொத்து இருந்தது. மூன்று கால் வைத்த பெரிய இரும்புப் பானைகள் ஒன்பது, எரிவாயு அடுப்புகள், ஒரு கூடாரம். எங்களிடத்தில் சனிக்கிழமைதான் அடக்கம். வருகிறவர் தெரிந்தவரோ தெரியாதவரோ, சாப்பிடாமல் போகக் கூடாது. அந்தப் பானைகள் இல்லாமல் ஒருவரையும் ஒழுங்காக மண்ணுக்கு அனுப்ப முடியாது.

ஆலயத்தைப் பார்த்துக்கொண்டவர் ந்தாத்தே லெக்கேனா. பெரியவர்களை நாங்கள் ந்தாத்தே, ம்மே என்றுதான் கூப்பிடுவோம், அப்பா, அம்மா என்கிற மாதிரி. வெல்கம் ஊர்த் தங்கச் சுரங்கத்தில் பாறை விழுந்து இடது முழங்கால் மடங்காமல் போனவர். துளைப்பான் சத்தத்தில் காதும் கொஞ்சம் மந்தம். மனைவி இறந்துவிட்டாள், பிள்ளைகள் இல்லை. ஆலயத்தின் பின்புறம் ஒற்றை அறையில் இருந்தார். வேலை போனால் அந்த அறையும் போகும்.

தொந்தரவு கூடாரத்தால் வந்தது. சனிக்கிழமை மழையில் நனைந்த கூடாரத்தைச் சாமான் அறையின் உத்தரத்தில் காயப் போடுவார்கள். ஞாயிறு காலை பத்து மணிக்குத் தகரக் கூரை சுட ஆரம்பித்ததும் அந்தத் துணி சூடாகும், இடுக்கு வழியே வருகிற காற்றில் மெல்ல அசையும். சூடான ஒன்று அசைந்தால் சென்சாருக்கு அது மனிதன்தான். போதகர் பிரசங்கத்தின் நடுவில் இருப்பார், சைரன் அலறும். ந்தாத்தே லெக்கேனா பின்வரிசையிலிருந்து மடங்காத காலை இழுத்துக்கொண்டு ஓடுவார். எங்கள் நிறுவனத்தின் கட்டுப்பாட்டு அறையிலிருந்து ஃபோன் வரும், கடவுச்சொல் கேட்பார்கள். சொல்லாவிட்டால் துப்பாக்கியோடு வண்டி வந்து நிற்கும். காது மந்தமானவர் கத்தித்தான் பேசுவார். அதனால் எங்கள் கடவுச்சொல் "அத்திமரம்" என்பது சபையில் இருநூறு பேருக்கும் தெரியும்.

துணி அசையாமல் நின்றதும் மூன்றாம் பகுதி அடங்கிவிட்டது என்று அலாரப் பெட்டி தானாகவே செய்தி அனுப்பிவிடும். சைரனும் சில நிமிடங்களில் ஓய்ந்துவிடும். ஆனால் அதோடு முடியாது. கீபேடில் ஒரு சிவப்பு விளக்கு மினுங்கிக்கொண்டே இருக்கும். ஒருவர் வந்து, தன் எண்ணைப் போட்டு, என்ன நடந்தது என்று பார்த்த பிறகுதான் அது அணையும். புதிதாக அலாரம் வாங்குகிறவர்களுக்கு இதைத்தான் முதலில் சொல்லித் தருவேன். சத்தம் நின்றால் எல்லாம் முடிந்தது என்று நினைத்து அவர்கள் போய்விடுவார்கள்.

மூன்று ஞாயிறு தொடர்ந்து இப்படி ஆயிற்று. மூன்றாவது ஞாயிறு ம்மே மலினியோ எழுந்து நின்றுவிட்டார். அவர்தான் அடக்கச் சங்கத்தின் தலைவி, பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் பேசினால் போதகரும் பள்ளிப் பையன்போல நோட்டுப் புத்தகத்தைத் திறக்கலாமா என்று பார்ப்பார்.

"போதகரே, நீங்க சாத்தானைத் துரத்தறப்பெல்லாம் அவன் எங்க பானைக்குள்ளதான் போய் ஒளியறான் போல. கொஞ்சம் வேற பக்கம் துரத்துங்க" என்றார்.

சபை சிரித்தது. போதகரும் சிரித்தார். ந்தாத்தே லெக்கேனா மட்டும் கீபேட் அருகே சுவரைப் பிடித்து நின்றார். அவருடைய சட்டை முதுகில் ஒட்டியிருந்தது. அந்த முழங்காலை ஒரு கையால் அழுத்திப் பிடித்திருந்தார்.

ஆராதனை முடிந்ததும் நான் அவரிடம் போனேன். சென்சாரை வேறு மூலைக்கு மாற்ற வேண்டும், செவ்வாய்க்கிழமை வந்து செய்கிறேன், அதுவரை மூன்றாம் பகுதியை ஒதுக்கி வைக்கிறேன் என்றேன். ஒதுக்கி வைத்தால் அந்தப் பகுதியில் என்ன நடந்தாலும் பெட்டி கண்டுகொள்ளாது. எங்கள் நிறுவனத்தில் இதற்கு ஒழுங்கு உண்டு. வேலைச் சீட்டு எழுத வேண்டும், வாடிக்கையாளர் கையெழுத்துப் போட வேண்டும், கட்டுப்பாட்டு அறைக்குச் சொல்ல வேண்டும். நான் ஒன்றும் செய்யவில்லை. ஞாயிற்றுக்கிழமை, நம் சபை, நம் பெரியவர். எனக்கு மட்டும் தெரிந்த தொழிலாளி எண்ணைப் போட்டு இரண்டு நிமிடத்தில் முடித்துவிட்டேன். கீபேடில் ஒரு சின்ன மஞ்சள் விளக்கு எரிந்தது. அது ஏன் எரிகிறது என்று அவர் கேட்டார். ஒரு பகுதி தூங்குகிறது என்று அர்த்தம், செவ்வாய்க்கிழமை எழுப்பிவிடுகிறேன் என்று சொன்னேன். இன்னும் என்னென்ன அந்தப் பெட்டிக்குத் தெரியும் என்று ஆர்வமாகக் கேட்டார். கடைசி இருநூற்றைம்பது சம்பவங்களை அது வரிவரியாக எழுதி வைத்திருக்கும், புது வரி ஒன்று வந்தால் பழைய வரி ஒன்று விழுந்துவிடும் என்று பெருமையாக விளக்கினேன்.

செவ்வாய்க்கிழமை வேறு வேலை வந்தது. அடுத்த செவ்வாய்க்கிழமை எனக்கு ஞாபகமே இல்லை.

அந்த வியாழக்கிழமை பகலில், ந்தாத்தே லெக்கேனா இரத்த அழுத்த மாத்திரைக்காக மருத்துவமனை வரிசையில் நின்றிருந்தபோது, யாரோ சாமான் அறையின் தகரத்தை இரண்டு ஆணி நெம்பித் தூக்கி உள்ளே இறங்கியிருக்கிறார்கள். கதவைத் தொடவே இல்லை. ஒன்பது பானைகளும், அடுப்புகளும், கூடாரமும் போய்விட்டன. சைரன் அடிக்கவில்லை.

காவல் நிலையத்திலிருந்து வந்தவர்கள் வழக்கு எண் ஒன்று கொடுத்துவிட்டுப் போனார்கள். வெள்ளிக்கிழமை மாலை சங்கத்தின் குழு கூடியது. என்னையும் கூப்பிட்டார்கள். ம்மே மலினியோ கட்டுப்பாட்டு அறைக்கு ஏற்கெனவே பேசியிருந்தார். வியாழக்கிழமை எங்கள் ஆலயத்திலிருந்து ஒரு செய்தியும் வரவில்லை என்று அங்கே சொல்லியிருந்தார்கள். அலாரத்தைப் போட்டதும் எடுத்ததும் அவர்களுக்குத் தெரியாது, எங்கள் சபை வாங்கியிருந்த சேவையில் அது சேராது. ஆகவே குழுவுக்கு விஷயம் தெளிவாக இருந்தது. அலாரம் போட்டிருந்தால் அடித்திருக்கும், அடிக்கவில்லை என்றால் போடவில்லை.

"நான் போட்டேன். போட்டுட்டுதான் மருத்துவமனைக்குக் கிளம்பினேன்" என்றார் ந்தாத்தே லெக்கேனா.

"பின்னே திருடன் வந்து அலாரத்தை எடுத்துட்டு, மறுபடி உங்களுக்காகப் போட்டுட்டுப் போனானா?" என்றார் ம்மே மலினியோ.

ந்தாத்தே லெக்கேனா என்னைப் பார்க்கவில்லை. அதை இப்போது நினைத்தாலும் என் முகம் சுடுகிறது. என்னைப் பார்த்திருக்கலாம். மஞ்சள் விளக்கு என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். தன் தொப்பியை மடியில் வைத்து அதன் விளிம்பை விரலால் தடவிக்கொண்டிருந்தார்.

பெட்டியின் நினைவில் எல்லாம் இருக்கும் அல்லவா என்று போதகர் என்னிடம் கேட்டார். இருக்கும் என்றேன். படித்துச் சொல்ல முடியுமா என்றார். அதற்கு ஒரு கேபிள் வேண்டும், அலுவலகத்தில் கேட்டு வாங்க வேண்டும், ஒரு வாரம் ஆகும் என்று சொன்னேன். அந்தக் கேபிள் அப்போது வெளியே என் வண்டியின் இருக்கைக்குக் கீழே கிடந்தது. இரண்டு வாரம் கழித்து வரும் ஞாயிறு ஆராதனைக்குப் பிறகு முடிவு செய்வது என்றார்கள். அதற்குள் நான் எதுவும் கொண்டுவராவிட்டால் ந்தாத்தே லெக்கேனா மாதக் கடைசியில் அறையைக் காலி செய்ய வேண்டும்.

எல்லோரும் போன பிறகு, மறந்த பைபிளை எடுக்கப் போவதுபோல் திரும்பி உள்ளே போனேன். கீபேடில் மஞ்சள் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. என் எண்ணைப் போட்டு மூன்றாம் பகுதியை எழுப்பினேன். மஞ்சள் அணைந்தது. இனி யார் வந்து பார்த்தாலும் எல்லாம் ஒழுங்காக இருக்கும். எழுப்புவதைப் பெட்டி எழுதிக்கொள்ளாது; நான் ஒதுக்கிய அந்த ஞாயிற்றுக்கிழமை வரி மட்டும் பெட்டிக்குள் இருந்தது. அதுவும் கீழே நழுவிக்கொண்டிருந்தது. ஆலயத்தைத் திறந்தால் ஒரு வரி, பூட்டினால் ஒரு வரி. மின்சாரம் போனால் ஒன்று, வந்தால் ஒன்று. நான் எதையும் அழிக்க வேண்டாம். காத்திருந்தால் போதும்.

அதற்காகத்தான் மின்வெட்டு கேட்டு ஜெபித்தேன். ஆண்டவர் அந்த வாரம் எங்களுக்கு ஏழு நாளும் தடையில்லாத வெளிச்சம் கொடுத்தார். கனனேலோ கண்ணீரோடு நன்றி சொன்னாள்.

வேலை போய்விடும் என்ற பயம் உண்மைதான். எனக்கு இரண்டு பெண் பிள்ளைகள். ஆனால் பயத்தைவிடப் பெரிதாக இன்னொன்று இருந்தது. சபையில் ஒரு கம்பி அறுந்தாலும் "மொலெஃபியைக் கூப்பிடு" என்பார்கள். அந்தப் பேர் கெட்டுவிடக் கூடாது என்று இருந்தது.

அடுத்த வாரம் ஆராதனைக் குழுவிலிருந்த ஒரு தாய் காலமானார். சனிக்கிழமை அடக்கம், பானை ஒன்றும் இல்லை. புதன்கிழமை நான் வண்டியில் போய்க்கொண்டிருந்தபோது சாலையோரத்தில் ந்தாத்தே லெக்கேனாவைப் பார்த்தேன். ஒற்றைச் சக்கரத் தள்ளுவண்டியில் பெரிய இரும்புப் பானை ஒன்றை வைத்துத் தள்ளிக்கொண்டு போனார். ஒவ்வொரு அடிக்கும் அந்தக் கால் ஒரு அரைவட்டம் போட்டுத்தான் முன்னால் வந்தது. வேறு சபைகளிலும் வீடுகளிலும் இரவல் கேட்டு நடந்திருக்கிறார். நான் வண்டியை நிறுத்தவில்லை. பார்க்காதவன்போலத் தாண்டிப் போனேன். இதுவரை சொன்னதில் எனக்கு மிகவும் கூசுவது இதுதான்.

சனிக்கிழமை ஏழு பானைகளில் சமையல் நடந்தது. ஒவ்வொன்றும் வேறு வேறு அளவு, வேறு வேறு வீட்டுக்காரருடையது. ந்தாத்தே லெக்கேனா புகையில் நின்று நீளக் கரண்டியால் கிண்டிக்கொண்டிருந்தார். பெண்களில் ஒருத்தி அவர் காதுபடவே, "கரண்டியையாவது பூட்டி வைங்க ந்தாத்தே, அதுவும் போயிடப் போகுது" என்றாள். அவர் சிரித்தார். நான் வரிசையில் தட்டை நீட்டினேன். மாட்டிறைச்சியில் எலும்பில்லாத நல்ல துண்டாகத் தேடி எடுத்து என் களிமேல் வைத்தார்.

"மெலிஞ்சுபோயிட்ட. சாப்பிடு" என்றார்.

தட்டைத் தொடாமல் ஒரு மரத்தடியில் வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

ஞாயிறு காலை, யாரும் வருமுன் ஆலயத்துக்குப் போனேன். அவர் அறையில் தேநீர் கொதிக்கிற சத்தம் கேட்டது. என்னிடமும் ஒரு சாவி உண்டு. கேபிளை மாட்டிப் படித்தேன். என் வரி இன்னும் இருந்தது. இருநூற்று நாற்பத்தெட்டாவது வரி. தேதி, நேரம், தொழிலாளி எண், மூன்றாம் பகுதி ஒதுக்கப்பட்டது. அதற்கு மேலே, திருட்டு நடந்த வியாழக்கிழமை காலை ஏழு ஐந்துக்கு, லெக்கேனாவின் எண், சாமான் அறை அலாரம் போடப்பட்டது. அவர் சொன்னது போலவே. என் வரிக்குக் கீழே இரண்டு வரிதான் மிச்சம். மூன்று புது வரி வந்தால் நான் இல்லை. போட்டு, எடுத்து, மறுபடி போட்டால் போதும்.

பின்னால் கால் இழுபடுகிற சத்தம் கேட்டது. இரண்டு கோப்பையோடு வந்தார். ஒன்றை என்னிடம் கொடுத்துவிட்டு, திரையைப் பார்த்தார். அவருக்கு அது படிக்கத் தெரியாது.

"இன்னும் இருக்கா உன்னோட வரி?" என்று கேட்டார்.

கோப்பையைக் கீழே வைத்தேன்.

"அந்தக் கூட்டம் முடிஞ்ச மறுநாள் பாத்தேன், மஞ்சள் விளக்கு அணைஞ்சிருந்துச்சு. சரி, மொலெஃபி வந்துட்டுப் போயிருக்கான்னு நினைச்சேன். எத்தனை தடவை போட்டு எடுக்கணும்? சொல்லு, நான் பண்றேன். என் நம்பர்தானே விழும். காவல்காரன் கதவைத் திறந்து மூடினான்னா யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க."

ஏன் என்று கேட்டேன்.

"நீ என் காலுக்காகத்தானே பண்ணின. எல்லாரும் சிரிச்சாங்க. நீ மட்டும் என்கிட்ட வந்த. அதை நான் கூட்டத்துல சொல்லி, உன் வேலைக்கு உலை வைக்கவா? உனக்கு ரெண்டு பொண்ணு. எனக்கு இந்தக் கால் ஒண்ணுதான், அது எங்க வேணா இழுத்துட்டு வரும்."

அவர் கீபேடை நோக்கிக் கையை நீட்டினார். விரல்கள் தடித்தவை, ஒவ்வொரு எண்ணையும் பார்த்துப் பார்த்துத்தான் அழுத்துவார். முதல் எண்ணை அழுத்தினார். இரண்டாவதைத் தேடினார். அந்த இடைவெளியில் நான் அவர் கையைப் பிடித்தேன்.

"வேண்டாம் ந்தாத்தே. தயவுசெஞ்சு வேண்டாம்."

அவர் என் தோளில் தட்டிவிட்டு, தேநீர் ஆறுகிறது என்றார்.

அன்று ஆராதனையில் என்ன பாடினோம், என்ன வசனம் வாசித்தார்கள் என்று எனக்கு நினைவில்லை. முடிந்ததும் குழு முன்னால் உட்கார்ந்தது, சபையும் போகாமல் இருந்தது. போதகர் என்னைப் பார்த்து, பெட்டி என்ன சொல்கிறது என்றார். நான் வரிசையாகச் சொன்னேன். ஒதுக்கியதைச் சொன்னேன், மறந்ததைச் சொன்னேன். கேபிள் வண்டியிலேயே இருந்ததைச் சொன்னேன். வெள்ளிக்கிழமை திரும்பி வந்து விளக்கை அணைத்ததையும் சொன்னேன். மின்வெட்டுக்காக ஜெபித்ததைச் சொன்னபோது பின்னால் யாரோ சிரிக்கத் தொடங்கி நிறுத்திக்கொண்டார்கள். கனனேலோ தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். தள்ளுவண்டியோடு அவர் நடந்ததைப் பார்த்தும் தாண்டிப் போனேன் என்று சொல்லும்போது என் குரல் எனக்கே கேட்கவில்லை.

ம்மே மலினியோ கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், போட்டுக்கொள்ளவில்லை. எழுந்தார். என்னிடம் வருகிறார் என்று நினைத்தேன். என்னைத் தாண்டிப் பின்வரிசைக்குப் போனார். ந்தாத்தே லெக்கேனாவின் முன் நின்று, இரண்டு கைகளையும் சேர்த்து அவர் கையைப் பிடித்தார்.

"நாற்பது வருஷம் பள்ளிக்கூடத்துல வேலை பாத்தேன். பிள்ளைங்க சொல்றதை முழுசா கேக்காம அடிக்கக் கூடாதுன்னு எனக்குத் தெரியும். உங்ககிட்ட மட்டும் அதை மறந்துட்டேன், ந்தாத்தே."

காது மந்தமானவர். "என்ன?" என்று கேட்டார். ம்மே மலினியோ அதை முழுவதும் மறுபடி, எல்லோருக்கும் கேட்கும்படி சத்தமாகச் சொல்ல வேண்டியதாயிற்று. சொன்னார்.

பிறகு என் பக்கம் திரும்பினார். "உனக்கு உங்க அப்பா மொலெஃபின்னு பேர் வெச்சாரு. ஈடு செய்யறவன்னு அர்த்தம். உனக்கு ஒரு வண்டி இருக்கு. நமக்குப் பானை வர்ற வரைக்கும், ஒவ்வொரு அடக்கத்துக்கும் இரவல் பானை நீதான் கொண்டு வர, நீதான் கழுவித் திருப்பிக் குடுக்கற. ஏன் இரவல்னு கேட்டா நீதான் பதில் சொல்ற."

திங்கட்கிழமை மேலாளரிடமும் போய்ச் சொன்னேன். வேலையை எடுக்கவில்லை. தொழிலாளி எண்ணை எடுத்துவிட்டார். இப்போது நான் மற்றவர்களுக்குக் கம்பி இழுக்கிறேன், குழி தோண்டுகிறேன். என்னைவிடப் பத்து வயது சின்னவள் புசெலெட்சோ என் எண் இருந்த இடத்தில் இருக்கிறாள்.

எங்கள் சாமான் அறைச் சென்சாரை மாற்ற அவள்தான் வந்தாள். நான் ஏணி பிடித்தேன். மாற்றி முடித்ததும் சோதித்துப் பார்க்க வேண்டும். யாராவது உள்ளே நடக்க வேண்டும். ந்தாத்தே லெக்கேனா என்னைப் பார்த்து, "நீயே நட" என்றார்.

காலி அறைக்குள் நடந்தேன். மூன்றாவது அடியில் சைரன் பிடித்துக்கொண்டது. வேலிக்கு அப்பால் அக்கம்பக்கத்தார் வந்து எட்டிப் பார்த்தார்கள். அவர்கள் பார்க்கட்டும் என்று அசையாமல் நின்றேன். ஃபோன் வந்தது. அவர் "அத்திமரம்" என்று தெருவுக்கே கேட்கும்படி கத்தினார். சோதனைதான், ஆபத்து ஒன்றும் இல்லை என்றும் கத்தினார். நான் வெளியே வந்தேன். சைரன் ஓய்ந்தது. மக்கள் கலைந்தார்கள். சிவப்பு விளக்கு மட்டும் மினுங்கிக்கொண்டிருந்தது.

பழக்கதோஷத்தில் என் கை கீபேடுக்குப் போயிற்று. பாதியில் நின்றுவிட்டது. என்னிடம் எண் இல்லை.

ந்தாத்தே லெக்கேனா மெதுவாக வந்து, தன் எண்ணை ஒவ்வொன்றாகத் தேடி அழுத்தினார். என்ன நடந்தது என்று கீபேட் காட்டியது. படிக்கத் தெரியாதவர், ஆனாலும் வெகுநேரம் உற்றுப் பார்த்தார். பிறகு, அணைக்கட்டுமா என்று என்னைக் கேட்டார். நான் தலையசைத்தேன். அணைத்தார்.

"சனிக்கிழமை நாலு பானை வேணும். காலையிலேயே வா. நானும் கூட வர்றேன், கேக்கறவங்களுக்குச் சேர்ந்து பதில் சொல்லலாம்" என்றார்.